பத்தாண்டுச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் விலை

2008-ம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் எக்ஸான்மொபில் பங்கு 79.83 டாலரில் முடிந்தது. அந்த ஆண்டில் நிறுவனம் ஈட்டிய நிகர லாபம் 4,520 கோடி டாலர். அதுவரை எந்த அமெரிக்க நிறுவனமும் ஓராண்டில் அவ்வளவு சம்பாதித்ததில்லை. பங்கு ஒன்றுக்குப் பிரித்தால் 8.69 டாலர். விலையை லாபத்தால் வகுத்தால் பி/இ விகிதம் 9-க்குச் சற்று மேல். உலகின் மிக வலுவான எண்ணெய் நிறுவனம், கடன் சுமை மிகக் குறைவு, பி/இ வெறும் 9. மலிவு என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

பத்தாண்டு கழித்து, 2018 முடிவில், அதே பங்கின் விலை 68.19 டாலர். இடையில் ஈவுத்தொகை தவறாமல் வந்தது, உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 903-லிருந்து 2,507-க்கு ஏறியிருந்தது. மலிவாகத் தெரிந்த பங்கு பத்தாண்டில் விலையளவில் ஒரு டாலர்கூட உயரவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி 2020-ல் நடந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், ஒரு பீப்பாய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. 1928 முதல் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் இருந்துவந்த எக்ஸான்மொபில் ஆகஸ்ட் மாதம் அதிலிருந்து நீக்கப்பட்டது. ஆண்டு முடிவில் 2,240 கோடி டாலர் நஷ்டம். பங்குக்கு மைனஸ் 5.25. நஷ்டத்தால் விலையை வகுக்க முடியாது, ஆகவே பி/இ என்று எதையும் சொல்லவே வழியில்லை. அப்போது பங்கின் விலை 41.22 டாலர். இரண்டே ஆண்டுகளில் அது 110 டாலரைத் தொட்டது.

லாபம் உச்சத்தில் இருந்தபோது மலிவு என்றது பி/இ. லாபமே இல்லாதபோது வாய் திறக்கவில்லை. இரண்டு நேரத்திலும் முதலீட்டாளருக்கு அது துணை செய்யவில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் பணவீக்கத்தைக் கழித்த பத்தாண்டுச் சராசரி லாபத்தைப் பலர் கையில் எடுக்கிறார்கள். அந்த முறை எண்ணெய் நிறுவனங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், எங்கே சறுக்கும் என்பதை ஒரே நிறுவனத்தின் கணக்கை வைத்துப் பார்ப்போம். எக்ஸான்மொபிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் கணக்குகள் நீண்ட காலத்துக்குத் தெளிவாகக் கிடைப்பதும், நான் சொல்ல வரும் ஒவ்வொரு சிக்கலும் அதில் ஒருமுறையாவது நடந்திருப்பதும்தான்.

லாபம் ஏன் இப்படிக் குதிக்கிறது?

எண்ணெய் நிறுவனம் தன் சரக்குக்குத் தானே விலை வைப்பதில்லை. சோப்பு விற்பவர் செலவு கூடினால் விலையைக் கூட்டுவார். எண்ணெய் எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. உலகச் சந்தை தரும் விலையை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கிணறு தோண்டிய செலவு, மேடை அமைத்த செலவு, குழாய் பதித்த செலவு எல்லாம் முன்பே செய்தாகிவிட்டது. ஒரு பீப்பாய்க்கு மொத்தச் செலவு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலை 60 டாலர் என்றால் லாபம் 10. விலை 75-க்குப் போனால் லாபம் 25. விலை கால் பங்கு ஏறியதற்கு லாபம் இரண்டரை மடங்காகிறது. விலை 50-க்கு இறங்கினால் லாபம் காணாமல் போகிறது. இந்த நெம்புகோல் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வேலை செய்யும்.

இதைச் சந்தையும் அறிந்தே இருக்கிறது. லாபம் உச்சத்தில் இருக்கும்போது அது நிலைக்காது என்று பங்குக்குக் குறைந்த பெருக்கலை, அதாவது லாபத்தின் குறைந்த மடங்கையே விலையாகத் தருகிறது. லாபம் அடிமட்டத்தில் இருக்கும்போது மீண்டு வரும் என்று அதிகப் பெருக்கலைத் தருகிறது. அதனால்தான் சுழற்சிப் பங்குகளில் பி/இ தலைகீழாகப் படிக்கப்பட வேண்டியதாகிறது: எண் குறைந்தால் எச்சரிக்கை, கூடினால் வாய்ப்பு. ஆனால் இந்தத் தலைகீழ் விதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எவ்வளவு குறைந்தால் அது உச்சம், எவ்வளவு கூடினால் அது அடிமட்டம் என்று சொல்ல வேறொரு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலின் வேர் பழையது. 1934-லேயே முதலீட்டு ஆய்வின் முன்னோடிகளான பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும், ஓராண்டு லாபத்தை நம்பாதீர்கள், குறைந்தது ஐந்து ஆண்டு, கூடுமானால் ஏழு அல்லது பத்து ஆண்டுச் சராசரியை எடுங்கள் என்று எழுதினார்கள். பெருமந்தம் உலகைப் புரட்டிப் போட்டிருந்த நேரம் அது. 1988-ல் பொருளாதார அறிஞர்கள் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் தங்கள் ஆய்வில் இந்த யோசனையை எடுத்து, பழைய லாபங்களைப் பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்தி, மொத்தப் பங்குச் சந்தைக்கும் பொருத்தினார்கள். அதுதான் இன்று ஷில்லர் பி/இ என்றும் கேப் விகிதம் என்றும் அழைக்கப்படுகிறது. 1999 இறுதியில் எஸ் அண்ட் பி 500-ன் ஷில்லர் பி/இ 44 வரை போனது. 2009-ல் வங்கிகளின் நஷ்டத்தால் குறியீட்டின் சாதாரண பி/இ 100-ஐத் தாண்டி அர்த்தமற்றுப் போனபோது, ஷில்லர் பி/இ மார்ச் மாதத்தில் 13 அளவில் நின்று, சந்தை மலிவு என்று சரியாகச் சொன்னது. ஷில்லருக்கு 2013-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

கவனிக்க வேண்டியது: அவர்கள் அதைச் செய்தது 500 நிறுவனங்களின் கூட்டுக்கு. அந்தக் கூட்டில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் எழுவார். ஒரு தனி எண்ணெய் நிறுவனத்துக்கு அதைப் பொருத்தும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. கீழே வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே மூலம்.

கணக்கு போடும் விதம்

2024 முடிவில் நின்று பார்க்கிறோம். 2015 முதல் 2024 வரை எக்ஸான்மொபில் பங்கு ஒன்றுக்கு ஈட்டியது டாலரில் வரிசையாக: 3.85, 1.88, 4.63, 4.88, 3.36, மைனஸ் 5.25, 5.39, 13.26, 8.89, 7.84. அப்படியே சராசரி எடுத்தால் 4.87.

ஆனால் 2015-ன் ஒரு டாலரும் 2024-ன் ஒரு டாலரும் ஒன்றல்ல. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 2015-ல் சராசரியாக 237, 2024-ல் 313.7. அதாவது விலைவாசி 32 சதவீதம் ஏறியிருக்கிறது. எனவே 2015-ன் 3.85 டாலரை 313.7-ஆல் பெருக்கி 237-ஆல் வகுத்தால் 2024 மதிப்பில் 5.10 டாலர் ஆகிறது. 2016-ன் 1.88 என்பது 2.46 ஆகிறது. 2022-ன் 13.26 என்பது 14.21. நஷ்டமும் அதே விதிப்படி பெரிதாகிறது: 2020-ன் மைனஸ் 5.25 இப்போது மைனஸ் 6.36. பத்தையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது 5.48 டாலர்.

2024 கடைசி நாளில் பங்கின் விலை 107.57. அந்த ஆண்டு லாபத்தை மட்டும் வைத்தால் பி/இ 13.7. பத்தாண்டுச் சராசரியை வைத்தால் 19.6. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் இந்த முறை நமக்குத் தரும் முதல் செய்தி: இன்றைய லாபம் கடந்த பத்தாண்டின் வழக்கத்தைவிடக் கணிசமாக மேலே நிற்கிறது. அது நியாயமான மேடா, தற்காலிக மேடா என்று இந்த எண் சொல்லாது. அதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்று தேதிகள்

இதே கணக்கை முன்பு சொன்ன தேதிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். 2008 முடிவில், 1999 முதல் 2008 வரையிலான லாபங்களை 2008 டாலருக்குத் திருத்தினால் சராசரி சுமார் 4.70. அப்படியானால் ஷில்லர் பி/இ ஏறத்தாழ 17. சாதாரண பி/இ 9 என்றது. இது 17 என்றது. 2008-ன் 8.69 டாலர் என்பது பீப்பாய் 147 டாலர் வரை போன ஆண்டின் விளைச்சல், அதை வழக்கம் என்று எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லாமல் சொன்னது. அடுத்த ஆண்டே லாபம் 3.98-க்கு விழுந்தது. முறைக்கு ஒரு வெற்றி.

2020 முடிவு. 2011 முதல் 2020 வரை, நஷ்ட ஆண்டையும் சேர்த்து, சராசரி 5.14 டாலர். விலை 41.22. ஷில்லர் பி/இ 8. சாதாரண பி/இ கணக்கிடவே முடியாத நேரத்தில், இந்தப் பங்கு தன் பத்தாண்டு உழைப்பின் எட்டு மடங்குக்கே விற்கப்படுகிறது என்று காட்டியது. பிறகு நடந்தது தெரிந்ததே.

இந்த இரண்டு எடுத்துக்காட்டோடு நிறுத்தினால் முறை மந்திரம் போலத் தெரியும். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2013 முடிவைப் பாருங்கள். விலை 101.20. அந்த ஆண்டு லாபம் 7.37. சாதாரண பி/இ 13.7. 2004 முதல் 2013 வரை திருத்திய சராசரியும் கிட்டத்தட்ட அதே 7.37, எனவே ஷில்லர் பி/இயும் 13.7. இரண்டு அளவுகோலும் கைகோத்து நின்று, எல்லாம் சமநிலையில் இருக்கிறது என்றன. லாபம் சராசரிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலை 78 டாலருக்கு இறங்கியது. லாபம் 2016-ல் 1.88 ஆனது.

ஏன் எச்சரிக்கை வரவில்லை? 2004 முதல் 2013 வரையிலான அந்தப் பத்தாண்டு முழுவதும் எண்ணெய்க்குப் பொற்காலம். 2009 ஒன்றைத் தவிர அதில் பள்ளமே இல்லை. உலகச் சந்தையின் அளவுகோலான பிரென்ட் எண்ணெயின் ஆண்டுச் சராசரி 2011, 2012, 2013 மூன்றிலும் 100 டாலருக்கு மேல். வெயிலே இல்லாத பத்து மாதத்தின் வெப்பநிலையைச் சராசரி எடுத்துவிட்டு, இந்த ஊர் குளிர் பிரதேசம் என்று முடிவு கட்டுவதைப் போன்றது அது. அதற்குள் அமெரிக்காவின் ஷேல் பாறைகளிலிருந்து எண்ணெய் கொட்டத் தொடங்கியிருந்தது. 2008-ல் நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் பீப்பாயாக இருந்த அந்நாட்டு உற்பத்தி 2014-ல் 87 லட்சத்தைத் தாண்டியது. 2014 நவம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் கூடி, உற்பத்தியைக் குறைக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தது. 2016 தொடக்கத்தில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழ்.

சராசரியின் பார்வை, அதன் ஜன்னலுக்குள் வந்த ஆண்டுகளைத் தாண்டாது. மொத்தப் பொருளாதாரத்தில் ஒரு வணிகச் சுழற்சி பத்தாண்டுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். எண்ணெயின் பெருஞ்சுழற்சி அப்படியல்ல. 1986-ல் சரிந்த விலை 1999 வரை பெரிதாகத் தலைதூக்கவில்லை. பிறகு ஏறத் தொடங்கியது 2014 வரை ஓடியது. ஒவ்வொன்றும் பத்தாண்டைத் தாண்டிய ஓட்டம். அப்படியென்றால் இருபது ஆண்டுச் சராசரி எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம்தான். ஆனால் அதற்குள் நிறுவனமே வேறாகிவிடும். எக்ஸானும் மொபிலும் இணைந்ததே 1999 நவம்பரில்தான்.

சராசரி லாபத்துக்குள் இருக்கும் விலை

எனவே ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பத்தாண்டுச் சராசரி லாபத்தைக் கணக்கிட்டவுடன், அதே பத்தாண்டுக்கு எண்ணெயின் சராசரி விலையையும் அதே பணவீக்கத் திருத்தத்தோடு கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து. இந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்குப் பொருள் இல்லை.

பிரென்ட் ஆண்டுச் சராசரிகளை வைத்துச் செய்தால் கிடைப்பவை தோராயமாக இவை. 2008-ன் சராசரி லாபத்துக்குள் இருந்த எண்ணெய் விலை, 2008 டாலரில், 50. அப்போது சந்தையில் விலை 40 டாலர் அளவில் இருந்தது. 2013-ன் சராசரிக்குள் இருந்தது 86 டாலர். சந்தையில் 110-ஐ ஒட்டி. 2020-ன் சராசரிக்குள் 82 டாலர். சந்தையில் 50 அளவில்.

இப்போது 2013 வேறுவிதமாகத் தெரிகிறது. பீப்பாய் 110 டாலருக்கு விற்றும் நிறுவனத்தின் லாபம் 86 டாலர் காலத்துச் சராசரியைத் தாண்டவில்லை. அப்படியென்றால் செலவு ஏறிக்கொண்டிருந்தது என்று பொருள். விலை இறங்கினால் தாங்காது என்ற செய்தி அங்கே இருந்தது. லாபத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

2020-ம் வேறுவிதமாகத் தெரிகிறது. ஷில்லர் பி/இ 8 என்பது 82 டாலர் எண்ணெயை நம்பிய எட்டு. அன்று விலை 50. ஒருவர் அப்போது, இந்தச் சராசரி பழைய நல்ல காலத்தின் மிச்சம், இதை நம்பி வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் தவறாக யோசித்தார் என்று சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததால் எண்ணெயும் எரிவாயுவும் ஏறின. அந்த ஆண்டில் நிறுவனம் 5,570 கோடி டாலர் ஈட்டியது. இந்தப் போரைப் பத்தாண்டுச் சராசரி முன்கூட்டிச் சொல்லவில்லை. மலிவாக வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்க இடம் இருந்தது என்பதுதான் சரியான வருணனை.

2024-க்கு வருவோம். 2015 முதல் 2024 வரை பிரென்டின் திருத்திய சராசரி 2024 டாலரில் சுமார் 77. 2024-ல் உண்மையான சராசரி 80-ஐ ஒட்டி. ஆக, எண்ணெய் விலை பத்தாண்டு வழக்கத்தில்தான் இருந்தது. ஆனால் லாபம் 5.48 அல்ல, 7.84. விலை ஏறாமல் லாபம் ஏன் ஏறியிருக்கிறது? எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் சுவையான கேள்வி இதுதான், ஏனென்றால் பதில் சந்தையில் இல்லை, நிறுவனத்துக்குள் இருக்கிறது.

பதிலின் ஒரு பகுதி தென் அமெரிக்க நாடான கயானா. 2015-ல் அந்நாட்டுக் கடலில் ஸ்டாப்ரூக் வட்டாரத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் எக்ஸான்மொபிலின் பங்கு 45 சதவீதம். 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கி, 2024-ல் நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல் வந்துகொண்டிருந்தது. செலவு குறைந்த எண்ணெய் அது. 2015 முதல் 2019 வரையிலான ஐந்து ஆண்டு லாபத்தில் அதன் சுவடே கிடையாது. பதிலின் இன்னொரு பகுதி, 2020-ன் நஷ்டம் சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மதிப்புக் குறைப்பைச் சேர்ப்பதா, விடுவதா?

2020-ன் 2,240 கோடி நஷ்டத்தில் 1,930 கோடி டாலர் அந்த ஆண்டில் கைவிட்டுப் போன பணம் அல்ல. கடைசிக் காலாண்டில் நிறுவனம் தன் எரிவாயு வயல்களின் ஏட்டு மதிப்பைக் குறைத்து எழுதியது. அவற்றில் கணிசமானவை 2010-ல் எக்ஸ்டிஓ என்ற அமெரிக்க எரிவாயு நிறுவனத்தைக் கடனையும் சேர்த்துச் சுமார் 4,100 கோடி டாலருக்கு வாங்கியபோது வந்தவை. 2008-ல் அமெரிக்க எரிவாயுவின் சராசரி விலை, பத்து லட்சம் பி.டி.யு. என்ற வெப்ப அளவுக்கு, 8 டாலருக்கு மேல். 2020-ல் 2 டாலர். பத்தாண்டாக ஏறும் என்று காத்திருந்த விலை ஏறவே இல்லை.

இத்தகைய சிறப்பு இனங்களைக் கழித்தால் 2020-ன் நஷ்டம் பங்குக்கு வெறும் 33 சென்ட். அதை வைத்துக் கணக்கிட்டால் பத்தாண்டுச் சராசரி 5.48-லிருந்து 6.08-க்கு ஏறும். ஷில்லர் பி/இ 19.6-லிருந்து 17.7-க்கு இறங்கும். ஒரே ஓர் ஏட்டுப் பதிவு, விகிதத்தில் இரண்டு புள்ளியை மாற்றுகிறது.

மொத்தச் சந்தைக்கான ஷில்லர் பி/இ மீது பேராசிரியர் ஜெரமி சீகல் வைத்த முக்கியமான விமர்சனமும் இதுவே: 1990-களுக்குப் பிறகு கணக்கு விதிகள் மாறி, சொத்து மதிப்பு குறைந்தால் உடனே எழுதச் சொல்கின்றன, ஏறினால் எழுத விடுவதில்லை, ஆகவே அண்மைக்கால லாபங்கள் பழையவற்றைவிடக் குறைவாகத் தெரிகின்றன என்றார். அதில் நியாயம் உண்டு.

இருந்தாலும் எண்ணெய் நிறுவனத்துக்கு மதிப்புக் குறைப்பை விட்டுவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். எக்ஸ்டிஓவுக்கு 2010-ல் கொடுத்தது உண்மையான விலை, பெரும்பாலும் பங்குதாரரின் பங்குகளாகவே கொடுக்கப்பட்டது. அந்தச் செலவு 2010 முதல் 2019 வரை எந்த ஆண்டின் லாபத்திலும் முழுமையாகக் கழிக்கப்படவில்லை. 2020-ல் எழுதியது பத்தாண்டாகக் கூடுதலாகக் காட்டிய லாபத்தைத் திருத்திய கடன்தீர்ப்பு. சராசரியின் வேலையே நல்லதையும் கெட்டதையும் சேர்த்துப் பார்ப்பது. ஏற்றத்தில் கிடைத்த 2022-ன் 13.26-ஐ முழுதாக எடுத்துக்கொண்டு, இறக்கத்தில் வந்த அடியை மட்டும் சிறப்பு இனம் என்று ஒதுக்கினால் தராசின் ஒரு தட்டில் கை வைப்பதாகிவிடும். 2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்ததற்காக பிபி நிறுவனம் அந்த ஆண்டில் எழுதிய 4,090 கோடி டாலர் செலவுக்கும் இதையே சொல்வேன். ஆழ்கடலில் தோண்டும் தொழிலில் விபத்தும் செலவின் ஒரு பகுதி. தினமும் வராது, ஆனால் வராமலும் போகாது.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. 2030 முடிவில் கணக்கிடும்போது 2020 ஜன்னலை விட்டு வெளியே போய்விடும். அந்த ஒரு நாளில், நிறுவனம் எதுவுமே செய்யாமல், சராசரி துள்ளி ஏறும், பங்கு திடீரென மலிவாகத் தெரியும். இரண்டு ஆண்டு கழித்து 2022 வெளியேறும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆண்டுக்கு ஆண்டு விகிதம் மாறினால், உள்ளே வந்த ஆண்டைப் போலவே வெளியே போன ஆண்டையும் பார்க்க வேண்டும்.

பங்குகளின் எண்ணிக்கை

இன்னொரு வழுக்கல் இடம். 2008 முடிவில் எக்ஸான்மொபிலுக்குச் சுமார் 498 கோடி பங்குகள். தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கும் பைபேக்கைத் தொடர்ந்து செய்ததால் 2020 முடிவில் 423 கோடி. 2024 மே மாதம் பயனியர் என்ற ஷேல் எண்ணெய் நிறுவனத்தை முழுக்கப் பங்கு கொடுத்தே வாங்கியதால் 50 கோடிக்கும் மேற்பட்ட புதிய பங்குகள் சேர்ந்தன.

பழைய ஆண்டின் லாபத்தை அந்த ஆண்டுப் பங்குகளால் வகுப்பதா, இன்றைய பங்குகளால் வகுப்பதா? 2008-ன் 4,520 கோடியை 2024 முடிவின் சுமார் 435 கோடிப் பங்குகளால் வகுத்தால் பங்குக்கு 10 டாலருக்கு மேல் வரும். அன்றைய கணக்கில் 8.69. சிலர் மொத்தச் சந்தை மதிப்பை மொத்த லாபத்தின் சராசரியால் வகுத்து, இந்தப் பிரச்சினையைத் தாண்டிவிட்டதாக நினைக்கிறார்கள். அது பைபேக்கை இரண்டு முறை எண்ணுவதாகும், ஏனென்றால் பங்குகளைத் திரும்ப வாங்கிய பணம் அந்தப் பழைய லாபத்திலிருந்துதான் போனது. இன்னொரு பக்கம், பயனியர் கொண்டுவந்த, அமெரிக்காவின் பெர்மியன் படுகையில் உள்ள வயல்கள் முந்தைய ஒன்பது ஆண்டுக் கணக்கில் இல்லை, ஆனால் அதற்காகக் கொடுத்த பங்குகள் இன்றைய எண்ணிக்கையில் இருக்கின்றன. பங்கு ஒன்றுக்கான லாபத்தை அந்தந்த ஆண்டின்படியே வைத்துக்கொள்வதுதான் குறைந்த தீமை. ஆனால் 2012 மே மாதம் கோனகோபிலிப்ஸ் தன் சுத்திகரிப்பு வணிகத்தை பிலிப்ஸ் 66 என்று தனியே பிரித்துவிட்டதைப் போன்ற சந்தர்ப்பங்களில் பழைய எண்கள் வேறொரு நிறுவனத்துடையவை. அங்கே பத்தாண்டுச் சராசரி போடுவதே வீண்.

சரக்கிருப்புக் கணக்கும் ஒப்பிடுதலைக் குழப்பும். விலை ஏறும்போது முன்பு வாங்கி வைத்த எண்ணெயின் மதிப்பும் ஏறி, அது லாபமாகத் தெரியும். எக்ஸான்மொபில் கடைசியாக வந்ததை முதலில் விற்றதாகக் கொள்ளும் முறையைக் கையாள்வதால் இது பெரிதும் வடிகட்டப்படுகிறது. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அந்த முறை அனுமதி இல்லை. எனவே பிபி, ஷெல் போன்றவை இந்த விளைவை நீக்கிய இன்னொரு லாப எண்ணையும் தனியாக வெளியிடுகின்றன. இரு கண்டத்து நிறுவனங்களை ஒப்பிடுகிறவர் அந்த இரண்டாவது எண்ணையே எடுக்க வேண்டும்.

கடனைப் பார்க்காத விகிதம்

ஷில்லர் பி/இயில் கடன் எங்கேயும் வருவதில்லை. 2020 ஜூனில் அமெரிக்க எரிவாயு நிறுவனமான செசபீக் எனர்ஜி திவால் பாதுகாப்பு கோரியது. அதற்கு முன்பே ஏப்ரலில் வைட்டிங் பெட்ரோலியம். இத்தகைய நிறுவனங்களின் பங்கு, விழுந்துகொண்டே வரும்போது, எந்தப் பழைய சராசரியோடு ஒப்பிட்டாலும் மலிவாகவே தெரியும். சராசரி மீண்டு வரும்வரை நிறுவனம் உயிரோடு இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் எழுதப்படாத நிபந்தனை.

எக்ஸான்மொபிலே 2016-ல் தன் உச்சபட்சக் கடன் தரத்தைத் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பியிடம் இழந்தது. 2020-ல் லாபம் இல்லாதபோதும் பங்குக்கு 3.48 டாலர் ஈவுத்தொகையைக் குறைக்காமல் கொடுத்தது. கடன் வாங்கித்தான் கொடுத்தது. மொத்தக் கடன் 6,760 கோடி டாலரைத் தொட்டது. 2022 முடிவில் அது 4,120 கோடியாக இறங்கியது. அதே 2020-ல் ஷெல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல்முறையாக ஈவுத்தொகையைக் குறைத்தது. எண்ணெய் 40 டாலரில் இன்னும் மூன்று ஆண்டு நின்றிருந்தால் எக்ஸான்மொபிலின் கதையும் வேறு மாதிரி போயிருக்கும். ஆகவே விகிதத்தைப் பார்த்தவுடன், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையைப் பார்க்க வேண்டும்; அதுவும் விலை தாழ்வாக இருக்கும் ஆண்டுகளில் வட்டியையும் ஈவுத்தொகையையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

அரசு ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும் மின்விநியோக நிறுவனங்களுக்குப் பத்தாண்டுச் சராசரி என்ற இந்தச் சுற்றுவழி பொதுவாகத் தேவையில்லை. அவற்றின் லாபம் பெரிதாக ஏறி இறங்காது; சாதாரண பி/இயே அங்கு போதும்.

எத்தனை இருந்தால் மலிவு?

19.6 என்ற எண்ணை மொத்தச் சந்தையின் ஷில்லர் பி/இயோடு ஒப்பிட்டு, பாதி விலைதான் என்று மகிழ்வது தவறு. அந்தக் குறியீட்டில் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் சரக்கு தீர்ந்துபோவதில்லை. எண்ணெய் நிறுவனம் ஒவ்வொரு நாளும் தன் சொத்தைத் தோண்டி எடுத்து விற்கிறது. விற்ற பீப்பாய்க்கு ஈடாக இன்னொன்றைக் கண்டுபிடிக்காவிட்டால் நிறுவனம் சுருங்கும். கண்டுபிடிக்கும் செலவு, பழைய விலையில் போட்ட தேய்மானத்தைவிட அதிகமாக இருக்கும். அந்த அளவுக்கு ஏட்டில் தெரியும் லாபமே கொஞ்சம் மிகை.

ஒப்பிட வேண்டியது அந்த நிறுவனத்தின் பழைய விகிதங்களோடுதான்: 2008-ல் 17, 2013-ல் 13.7, 2020-ல் 8. இந்த வரிசையில் 2024-ன் 19.6தான் மிக உயரம். விகிதத்தைத் தலைகீழாக்கினால் இன்னொரு ஒப்பீடு கிடைக்கும். 5.48-ஐ 107.57-ஆல் வகுத்தால் 5.1 சதவீதம், பணவீக்கம் போக நிறுவனம் ஈட்டித் தரும் வீதம் இது. அதே நேரத்தில் பணவீக்கப் பாதுகாப்பு கொண்ட பத்தாண்டு அமெரிக்க அரசுப் பத்திரம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் தந்தது. எண்ணெய் விலையின் ஏற்ற இறக்கம், விபத்து, அரசியல், தீர்ந்துபோகும் கிணறு எல்லாவற்றையும் சுமப்பதற்குக் கூலி ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம்.

இந்த 3 சதவீதம் போதுமா என்பது கயானாவும் பெர்மியனும் சேர்ந்து பத்தாண்டுச் சராசரியை 5.48-லிருந்து எங்கே கொண்டுபோகும் என்று ஒருவர் நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது. 77 டாலர் எண்ணெயில் 7.84 நிலைக்கும் என்று நம்புபவருக்குக் கூலி 3 அல்ல, 5 சதவீதம். அடுத்த பத்தாண்டில் மின்வாகனங்கள் தேவையைக் குறைத்து பீப்பாய் 55 டாலரில் நிற்கும் என்று நினைப்பவருக்கு 5.48-ஏ மிகை. நான் முதல் தரப்புக்குச் சற்று நெருக்கமாக நிற்கிறேன். ஆனால் 7.84-ஐ முழுதாக எடுத்துக்கொள்ளத் துணிய மாட்டேன். சராசரிக்கும் இன்றைய லாபத்துக்கும் நடுவில் ஆறரை டாலரை வைத்து, 16-லிருந்து 17 மடங்கு விலைக்கு இது மலிவும் அல்ல, அநியாயமும் அல்ல என்று எழுதி வைப்பேன். அந்தக் குறிப்பின் ஓரத்திலேயே, இது பீப்பாய் 77 டாலர் என்ற கணக்கில் போட்டது என்பதையும் சேர்த்து.